சிமெண்டு மூட்டையில் ஒரு கடற்கரை ஊர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

சிமெண்டு மூட்டையைக் காணாத மாணவர் நம் கல்லூரியில் எவருமிலர். ஆனால் அம்மூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், கை தூக்குவோர் மிகச் சிலராகவே இருப்பர். சென்ற கோடை விடுமுறை வரை நானும் கை தூக்காதவர் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

என் தந்தையார் கொத்தனார். தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. விடுமுறை நாட்களில் தந்தையாருக்குக் கையாளாக வேலைக்குச் செல்வது என் வழக்கம். அன்று அவிநாசி சாலைப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு, நண்பகல் சோற்றுக்காக நிழலில் உட்கார்ந்திருந்தோம். காலி மூட்டை ஒன்றை விரித்து அதன்மேல் தூக்குப்போசியை வைத்த தந்தையார் திடீரென்று கேட்டார்:

"ஏங்கண்ணு, இந்தச் சிமெண்டை நாங்க பி.பி.சி.ன்னு சொல்லுவோம். மொதல் பி போர்ட்லண்டு, கடைசி சி சிமெண்டு. நடுவுல ஒரு பி நிக்குதே, அது என்ன?"

மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'பொசோலானா' என்று அச்சிட்டிருந்தது. படித்துச் சொன்னேன். "அப்படீன்னா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நீ வேதியியல்தானே படிக்கிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, விடு" என்றார். அந்த 'விடு' என்னை விடவில்லை.

தேடிப் பார்த்ததில், அது ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் என்று தெரிந்தது. இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, கடலோரத்தில் பொட்சுவோலி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அவ்வூர் மண்ணுக்குப் பொசோலானா என்று பெயர். போர்ட்லண்டு என்பதும் இங்கிலாந்தின் கடற்கரையில் உள்ள ஓர் இடமே. அங்கே வெட்டிய கல்லின் நிறத்தைத் தம் சிமெண்டு ஒத்திருக்கிறது என்பதற்காக, 1824-இல் காப்புரிமை பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின் அப்பெயரை வைத்தார். ஆக, கடலே இல்லாத நம் திருப்பூரில், தினமும் தலையில் சுமக்கும் மூட்டையில் இரண்டு கடற்கரை ஊர்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன!

இந்த வியப்பு அடங்குமுன் வேறொன்றும் நடந்தது. எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். அலுவல் நிமித்தமாக மிலான் நகருக்குச் சென்றவருக்கு, வேலை முடிந்தபின் இரண்டு நாள் கையிலிருந்தது. கடலைப் பார்க்க ஆசைப்பட்டு நேப்பிள்சுக்கு ரயிலேறினார். அங்கே அறை வாடகை கட்டுப்படியாகாததால் பக்கத்திலுள்ள சிற்றூருக்குப் போய்த் தங்கினாராம். எந்த ஊர் என்று கேட்டேன். பொட்சுவோலி என்றார்! எனக்கு மெய் சிலிர்த்தது. அவருக்கோ ஒன்றுமில்லை.

"அங்க என்னங்ண்ணா பாத்தீங்க?"

"பாக்கறதுக்கு என்னடா இருக்குது? கடல் இருக்குது, மீன் இருக்குது. ஊர் நடுவுல ஒரு பள்ளம், அதுல மூணு தூண் நிக்குது. அத்தனை பேரும் அதைப் போட்டோ எடுக்கறாங்க. நானும் எடுத்தேன்."

கைப்பேசியில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூன்று பளிங்குத் தூண்கள். கீழே சிறிது பச்சைத் தண்ணீர். இடையில் ஓர் அகலமான பட்டை மட்டும் அம்மை வடுப்போல் குழி குழியாக இருந்தது. "மழையில அரிச்சிருக்கும்" என்றார் அண்ணன். மழை அன்று. அந்தக் குழிகளைப் பற்றி எழுதியே புவியியல் வளர்ந்தது என்றால் மிகையாகாது. அண்ணன் பார்த்தும் பாராமல் வந்த ஊரை, போகாமலே நான் சுற்றிவந்த கதைதான் இக்கட்டுரை. பாஸ்போர்ட்டு இல்லாதவனின் பயணக் கட்டுரை என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படிக்க வேண்டுகிறேன்.

கிரேக்கத் தீவான சாமோசிலிருந்து வந்தவர்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் குடியேறிய ஊர் இது. கி.மு. 194-இல் ரோமர் தம் குடியிருப்பாக்கிப் புத்தேயோலி என்று பெயரிட்டனர். லத்தீன் மொழியில் கிணற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். நம் பக்கத்துக் கிணத்துக்கடவுபோல என்று வைத்துக்கொள்ளலாம். கிறித்தவ நண்பர்களுக்கு இவ்வூர் புதிதன்று. தமிழ் விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் கடைசி அதிகாரத்தில், பவுல் அடியார் அலெக்சாந்திரியக் கப்பலொன்றில் வந்து புத்தேயோலியில் இறங்கி, ஏழு நாள் தங்கி, பிறகு ரோமாபுரிக்கு நடந்தார் என்று வருகிறது. சினிமா நண்பர்களுக்கும் ஒரு செய்தி: நடிகை சோபியா லோரன் வளர்ந்தது இவ்வூரில்தான்.

நேப்பிள்சிலிருந்து இங்கு வருவதற்கு இரண்டு ரயில்கள் உண்டு. அவற்றுள் கூமானா என்னும் சிறு ரயில் 1889 முதல் ஓடுகிறது. ஊருக்குள் வந்தவுடன், துறைமுகத்துக்குச் சற்று உள்ளே, அண்ணன் சொன்ன பள்ளம் இருக்கிறது. 1750-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது செராபிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் சிலை கிடைத்தது. ஆகவே இது செராபிஸ் கோயில் என்று எண்ணி, 'செராபியம்' என்று பெயரிட்டார்கள். பிற்கால ஆய்வில் அது கோயில் அன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கட்டப்பட்ட சந்தைக் கட்டடம் என்று தெரிந்தது. நான்கு புறமும் கடைகள், நடுவில் வட்ட மண்டபம். சந்தையைக் கோயிலென்று நம்பிவிட்டார்களே என்று சிரிக்க வேண்டியதில்லை. சந்தையால் வாழ்ந்த ஊருக்கு அது கோயில்போலத்தான் இருந்திருக்கும். இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா?

இனித் தூண்களுக்கு வருவோம். இவற்றின் உயரம் சுமார் 40 அடி. ஸ்காட்லாந்துப் புவியியலாளர் சார்லஸ் லையல் 1828-இல் இங்கு வந்து இவற்றை ஆராய்ந்தார். அடியிலிருந்து 12 அடி வரை தூண் வழவழப்பாக இருக்கிறது. அதற்குமேல் ஏறக்குறைய 9 அடி அகலத்துக்குத் துளைகள். அதற்கும் மேலே மீண்டும் துளை இல்லை. துளைகளை இட்டது ஒருவகைச் சிப்பி. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அதற்குள்ளேயே வாழும் இயல்புடையது. அதன் ஓடுகள்கூடச் சில துளைகளில் கிடைத்தன. இச்சிப்பி கடல் நீரில் மட்டுமே வாழும்.

நிலத்தில் கட்டிய சந்தையின் தூணில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மேலே, கடல்சிப்பி எப்படி வந்தது? விடை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கடல் ஏறியிருக்க வேண்டும், அல்லது நிலம் இறங்கியிருக்க வேண்டும். கடல் இருபதடி ஏறியிருந்தால் இவ்வூரில் மட்டும் ஏறியிராது. மத்தியதரைக் கடலோரம் முழுவதும் அதன் தடம் இருக்க வேண்டும். அப்படியில்லை. ஆகவே இறங்கியது நிலமே. சந்தை கடலுக்குள் அமிழ்ந்தது. தூண்களின் அடிப்பகுதி மண்ணாலும் இடிபாட்டாலும் மூடப்பட்டிருந்ததால் சிப்பி தொடவில்லை. மேற்பகுதி நீருக்கு வெளியே நின்றது. நடுப்பட்டை மட்டும் நீரில் நின்று துளைபட்டது. பின்னர் நிலம் மீண்டும் உயர்ந்து, துளைகளோடு தூண்களைக் காட்டியது. இத்தனைக்கும் தூண்கள் சாயவில்லை என்பதே லையலை வியக்கவைத்தது. நிலம் ஒரேநாளில் பிளந்து நொறுங்கித்தான் மாறும் என்பதில்லை, மெல்ல மெல்லவும் ஏறி இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1830-இல் அவர் வெளியிட்ட 'புவியியல் கோட்பாடுகள்' நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே வைத்தார். அந்நூலின் முதற்பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் டார்வின் பீகிள் கப்பலில் ஏறினார். கணிப்பொறியின் தந்தை எனப்படும் சார்லஸ் பாபேஜும் இத்தூண்களைப் பார்த்து ஆய்வுரை எழுதியுள்ளார். கணினி அறிவியல் துறை நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்க.

நிலம் ஏன் ஏறி இறங்குகிறது? இவ்வூர் நிற்பது ஓர் எரிமலையின் வாய்க்குள்! கூம்புபோல் நிற்கும் மலையன்று. வெடித்து உள்ளே சரிந்துபோன, 12 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள பெரும் பள்ளம். அதன் ஒரு பாதி நிலம், ஒரு பாதி கடல். ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன்பும் 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் அது பெருஞ்சீற்றம் கொண்டது. அடியில் பாறைக்குழம்பும் சூடேறிய நீரும் வாயுக்களும் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் நிலம் எழும்பும், குறைந்தால் தாழும். சாயப்பட்டறை பாய்லரின் மூடிமேல் ஓர் ஊர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும்.

1538-இல் அந்த மூடி ஓரிடத்தில் திறந்தது. முதலில் கடற்கரை உயர்ந்து, தண்ணீர் பின்வாங்க, கரையில் துடித்த மீன்களை மக்கள் அள்ளிச் சென்றார்கள். செப்டம்பர் 29 அன்று நிலம் வெடித்தது. ஒரு வாரத்துக்குள் 130 மீட்டர் உயரமுள்ள மலை ஒன்று அங்கே நின்றது. திரிப்பெர்கோலே என்ற சிற்றூர் அதனடியில் மறைந்துவிட்டது. இன்றும் அம்மலைக்கு 'புதுமலை' என்றே பெயர். 500 ஆண்டாகியும் புதுமலைதான்!

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1970-இல் கடலோரக் குன்றின்மேலுள்ள ரியோனே தெர்ரா என்னும் பழைய பகுதியின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை மட்டும் நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஏறக்குறைய 40,000 பேர் வீடிழந்து வேறிடம் சென்றனர். துறைமுகத்தின் தரை மேலெழுந்து, படகுகள் அணைய முடியாமல், தாழ்வாகப் புதிய துறை கட்ட வேண்டியதாயிற்று. 2005 முதல் நிலம் மறுபடியும் உயர்ந்துவருகிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அண்ணன் தங்கிய அறையின் சுவரில் விரிசல் இருந்ததாம். "வீட்டுக்காரர் சரியாப் பராமரிக்கலே" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். பாவம், வீட்டுக்காரர்!

இத்தகைய ஊருக்கு எவர் ஓய்வெடுக்கப் போவார் என்று தோன்றலாம். ஆனால், சிறு விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகும் வழக்கமே இவ்விரிகுடாவில்தான் செழித்தது. பொட்சுவோலிக்கு எதிரே தெரியும் பாயே என்னும் ஊர் ரோமச் செல்வர்களின் உதகமண்டலம். எரிமலைச் சூட்டால் அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவற்றின்மேல் குளியல் மாளிகைகள் எழுப்பிக் களித்திருந்தனர். அங்கு 21 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம் ஒன்று இன்றும் நிற்கிறது. ரோமாபுரியின் புகழ்பெற்ற பாந்தியன் குவிமாடத்தைவிடப் பழையது. தத்துவ அறிஞர் செனக்கா பாயேவுக்குச் சென்று, அங்கே நடக்கும் கூத்துப் பிடிக்காமல் மறுநாளே கிளம்பிவிட்டதாகத் தம் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். நம் அண்ணன் அவரைவிட ஒருநாள் கூடுதலாகவே தாக்குப்பிடித்தார். நிலம் தாழ்ந்ததால் அம்மாளிகைகளில் பல இன்று கடலுக்கடியில் கிடக்கின்றன. 2002-இல் அப்பகுதி கடலடித் தொல்பொருள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடிப்பாகம் கண்ணாடியாலான படகிலிருந்து பார்க்கலாம். அண்ணன் பார்க்கவில்லை, படகுக் கட்டணம் அதிகமென்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செனக்காவின் வேறொரு கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் கூட்டம் வருகிறது என்று முன்னறிவிக்கும் சிறு கப்பல்கள் கண்ணில் பட்டதும், புத்தேயோலி மக்கள் அனைவரும் துறைக்கு ஓடிவருகிறார்கள். மற்றக் கப்பல்கள் விரிகுடாவுக்குள் நுழையும்போது மேற்பாயை இறக்கிவிட வேண்டும். அலெக்சாந்திரியக் கப்பல்களுக்கு மட்டும் அதைப் பறக்கவிட உரிமையுண்டு. ஆகவே எத்தனைக் கப்பல்களுக்கு நடுவிலும் அவை தனித்துத் தெரியும். கண்டெய்னர் எப்போது வரும், ஆர்டர் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில் பிறந்தவன் என்பதால், அந்தத் துறையில் நின்ற கூட்டம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அக்கப்பல்களில் என்ன வந்தது? எகிப்தின் கோதுமை வந்தது. அதனோடு, செங்கடல் துறைகளுக்கு வந்து, பாலைவனத்தில் ஒட்டகத்தின்மேல் ஏறி, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா சேர்ந்த இந்தியச் சரக்கும் வந்தது. மிளகு, முத்து, தந்தம், துணி, நீலக்கல். செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். ரோமப் பேரரசின் செல்வத்தில் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா விழுங்குகிறது என்று பிளினி புலம்புகிறார். இந்தப் பிளினி யார்? பொட்சுவோலிக்கு எதிர்க்கரையில் மிசேனத்தில் இருந்த ரோமக் கடற்படையின் தலைவர். கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது கப்பலோடு உதவிக்குச் சென்று, இதே நேப்பிள்ஸ் விரிகுடாவின் கரையில் உயிர் துறந்தவர். நம் நாட்டுப் பச்சைக்கல்லைப் பற்றி, அது ஆறு பட்டையாகத் தீட்டப்படுவதைப் பற்றி, இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பச்சைக்கல் செய்வதைப் பற்றி எல்லாம் எழுதிவைத்தவர் அவரே. சாயமேற்றுவதில் நம்மவர் அன்றே கைதேர்ந்தவர்கள் போலும்!

'நம்மவர்' என்று நான் சொல்வது வெறும் பெருமைக்கன்று. பெரில் எனப்படும் அப்பச்சைக்கல், வேதியியல் முறையில் சொன்னால் பெரிலியம் அலுமினியம் சிலிகேட்டு. காங்கயத்தை அடுத்த படியூரில் அது கிடைத்தது. 1819, 1820 ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வைத்துத் தோண்டினார். சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில், 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, துளையிட்டு, மணியாக்கிய பட்டறைகள் வெளிப்பட்டன. ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் ரோம வெள்ளி நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. கரூரிலிருந்து கொடுமணல், பேரூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து முசிறித் துறைக்குச் சென்ற பெருவழி நம் நொய்யலை ஒட்டியது. அவ்வழியின் மறுமுனை அண்ணன் போட்டோ எடுத்த அந்தச் சந்தை ஊர்.

திரும்பும் கப்பல் வெறுமனே வரவில்லை. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோதும் அதன் பின்னரும் மதுச்சாடிகளின் துண்டுகள் பல கிடைத்தன. கேரளத்தின் பட்டணம் அகழாய்விலும் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றின் களிமண்ணில் கறுப்பு மணல் பொடிகள் மினுங்குகின்றன. நேப்பிள்ஸ் விரிகுடாவின் எரிமலை மணல் அது! அந்தப் பக்கத்துச் சாம்பல் நம் மண்ணுக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டாகிறது. அதேபோல் நம் பக்கத்துக் கைவேலை ஒன்று அங்கே இருக்கிறது. பாம்பேயில் 1938-இல் கண்டெடுத்த இந்தியத் தந்தப் பாவை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பொட்சுவோலியிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அண்ணன் அதையும் பார்க்கவில்லை. திங்களன்று விமானம், ஞாயிறன்று துணி துவைத்தாராம்.

பிறகு அத்துறைக்கு என்ன ஆயிற்று? பேரரசர் கிளாடியஸ் ரோமாபுரிக்கு அருகிலேயே புதிய துறைமுகம் கட்டத் தொடங்கினார். டிராஜன் அதை விரிவாக்கினார். கப்பல்கள் மெல்ல அங்கே திரும்பின. எரிமலை வெடித்தல்ல, வணிகர்கள் வேறு துறைக்குப் போனதால் புத்தேயோலி ஓய்ந்தது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி-ஷர்ட்டு தேடித் திருப்பூர் வந்ததிலிருந்துதான் நம் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எனக்கு வயது ஆறு. நொய்யலில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆணையின் நியாயம் புரியும். அந்த மாதங்களில் அம்மா பகலிலும் வீட்டிலிருந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏன் இருந்தார் என்று அப்போது தெரியாது.

இனி, தந்தையாரின் 'நடு பி'க்கு வருகிறேன். எரிமலை கக்கிய சாம்பல் வெகுவேகமாகக் குளிர்ந்தது. அதிலுள்ள சிலிகா படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமின்றிக் கண்ணாடி நிலையில் உறைந்தது. அதைச் சுண்ணாம்போடும் நீரோடும் கலந்தால், சிலிகாவும் கால்சியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிந்து, கால்சியம் சிலிகேட்டு ஹைட்ரேட்டு என்னும் பசை உண்டாகிறது. வெறும் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். இதற்கு வேண்டாம், தண்ணீருக்கடியிலும் இறுகும். பாயே பக்கத்து மண்ணுக்கு இவ்வியல்பு உண்டென்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விட்ருவியஸ் எழுதிவிட்டார். புத்தேயோலியின் துறைமுகம் இதனால் கட்டப்பட்டது. இம்மண் கப்பலேறிப் பாலஸ்தீனத்தின் செசரியா வரை சென்று அங்கும் துறைமுகமாயிற்று. ரோமர் கட்டிய கடற்சுவர்களில் உப்புநீர் ஊற ஊற அலுமினியம் கலந்த டோபர்மோரைட்டு என்னும் படிகம் வளர்ந்து, கான்கிரீட்டை மேலும் உறுதியாக்கியிருப்பதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நம் மூட்டையில் இருப்பது எரிமலைச் சாம்பலன்று. மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து பறக்கும் சாம்பல். உலையில் உருகி, வெளிவரும்போது நொடியில் குளிர்வதால் அதன் சிலிகாவும் கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி இது நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்க்கப்படும். சிமெண்டு நீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு துணைப்பொருளாகக் கிடைக்கிறது அல்லவா? அதனோடு இந்தச் சாம்பல் இரண்டாவதாக வினைபுரிகிறது. இவ்வினை மெதுவானது. ஆகவேதான் சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதுமென்றும், இதற்குப் பத்து நாளுக்குக் குறையக்கூடாதென்றும் கட்டுமான விதி சொல்கிறது.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாரிடம் சொன்னேன். நடுவே மறித்து ஒரு கேள்வி கேட்டார். "ஆத்து மணலும் சிலிகாதானேன்னு முன்னாடி ஒருக்கா சொன்னியே? அது ஏன் இப்படி ஒட்டறதில்ல?" எங்கள் வகுப்பில் எவரும் கேட்டிராத கேள்வி அது. மணலில் இருப்பது படிக சிலிகா, அது சுண்ணாம்போடு எளிதில் சேராது, கண்ணாடி நிலையில் உள்ளதுதான் சேரும் என்று விளக்கினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கப்பன் காலத்துல சுண்ணாம்புல சுர்க்கி போட்டு அரைச்சாங்களே, அதுவும் இதேதான்" என்றார். ஆம், அதேதான். சுட்ட செங்கல் தூளாகிய சுர்க்கியும் பொசோலானா வகையே. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டதுதான். புத்தகத்தில் நான் மூன்று வாரம் தேடியதற்கு, அவர் பாட்டன் வழிச் சொத்தாக ஒரு பெயர் வைத்திருந்தார்.

பத்து நாள் கணக்கைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "இந்தச் சிமெண்டு வந்ததிலிருந்தே மெதுவாத்தான் இறுகுது. அதனால நான் பத்து நாளுக்குக் குறையாம பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தறேன். வீட்டுக்காரர்தான் அஞ்சாம் நாளே மேலே செவரு எழுப்பச் சொல்லி அவசரப்படறாரு. நாளைக்கு நீ வந்து இந்தக் கணக்கை அவருகிட்டச் சொல்லு."

மறுநாள் சென்று சொன்னேன். வீட்டுக்காரர் என்னையும் கையிலிருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி, பத்து நாள் ஆகட்டும் என்றார். மாடியேறிப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தந்தையாரிடம் செய்தியைச் சொன்னேன். தலையசைத்தார். சிறிது நேரம் கழித்து, குழாயை அடுத்த பாத்திக்குத் திருப்பியபடியே, "சாம்பல் மேட்டூருதுன்னா, பேரை மட்டும் எதுக்கு இத்தாலில இருந்து எடுத்தாங்க?" என்று கேட்டார்.